பொத்தையடி ஒன்றும் சும்மா கிடக்கவில்லை

எங்கள் ஊர்ப் பொத்தையடியில், அதாவது பாறைக் குன்றின் அடிவாரத்தில், கொட்டிய குப்பை எரிந்ததை வீடியோவாகப் போட்டிருந்தேன், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கவில்லை. அதற்குக் கீழே வந்த ஒரு பின்னூட்டம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "சும்மா கிடக்கிற தரிசுதான, கொட்டுனா ஒனக்கு என்ன?" எழுதியவர் நான் சின்ன வயதிலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

அண்ணாச்சி, அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. மண் உண்டாகிற இடம் அது. பகல் வெயிலில் பாறை விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது, காலப்போக்கில் விரிசல் விடுகிறது. அதற்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது, அத்தியும் ஆலும் வேர் விடுகின்றன. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் என்கிற கனிமம் மணலாக நிற்கிறது, இரும்பு துருவேறிச் சிவப்பைத் தருகிறது. உங்கள் பனைகள் நிற்கிற செம்மண் இப்படி வந்ததுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக 1000 வருடம் வரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு. அதைக் கெடுக்க ஒரு டிராக்டர் லோடு போதும், ஒரு ராத்திரி போதும்.

'அந்தக் காலத்தில் குப்பையே இல்லையா' என்று கேட்கிறார்கள். இருந்தது. எங்கள் தாத்தா வீட்டுக் குப்பை முழுக்க உரக்குழிக்குப் போனது. கோடையில் குளம் வற்றினால் அடியில் படிந்த வண்டலை, கரம்பையை, வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பார். அறுவடை முடிந்ததும், புழுக்கை வயலுக்கு உரமாக ராத்திரி ஆடுகளை அங்கே அடைக்கிற ஆட்டுக்கிடை போடச் சொல்லி, ஆடு மேய்க்கிற கீதாரியைத் தேடிப் போவார். பசுந்தாள் உரமான கொழுஞ்சித் தழையை உழுத சேற்றில், தொழியில், போட்டு மிதிக்கும்போது என்னையும் இறக்கிவிடுவார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுத்தார்கள், அது மக்கியது.

இப்போது கொட்டியிருப்பது என்ன? பிளாஸ்டிக் டம்ளர், டயாப்பர், மாத்திரை அட்டை, உடைந்த டியூப்லைட், பழைய பேட்டரி. பேட்டரியிலுள்ள ஈயத்தை எந்தப் புழுவும் நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஐப்பசி மழையில் பொத்தைத் தண்ணீர் எங்கே இறங்கும்? நம் குளத்துக்குத்தான். கோடையில் அந்தக் குளத்துக் கரம்பைக்குத்தானே நீங்கள் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறீர்கள்? தரிசு என்று சொல்லிக் கொட்டியது உங்கள் வயலுக்கே வந்து சேரும், அண்ணாச்சி.

குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை என்கிறார்கள். நியாயம்தான், அதற்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் இந்த லோடு வீடுகளிலிருந்து வந்ததில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாண மண்டபக் குப்பையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியிருக்கிறார்கள். அது யாருடைய டிராக்டர் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

'சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு உபதேசமா' என்று இன்னொருவர். இதுதான் வலிக்கிறது. பிழைப்புக்காக வந்தவன் நான். என் அப்பாவும் தாத்தாவும் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள். ஊரில் வீடு இருந்தால்தான் ஊர் மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? கோயில் கொடைக்கு வரி கேட்டுப் போன் பண்ணும்போது மட்டும் நான் உள்ளூர்க்காரன்.

2024 டிசம்பரில் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியபோது மாவட்டமே கொதித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரளா லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு "எங்கள் மண் உங்களுக்குக் குப்பைத்தொட்டியா" என்று எழுதியவர்களில் நீங்களும் ஒருவர், அண்ணாச்சி. நானும் அதைப் பகிர்ந்தேன். இன்றைக்கு நம் ஊர் டிராக்டர் கொட்டினால் அதே மண் தரிசாகிவிடுமா? கேரளா லாரி அனுப்பியது. நம் குப்பையை அள்ள யார் லாரி அனுப்புவார்கள்?

வீடியோவை எடுத்துவிடு, ஊர்ப் பெயர் கெடுகிறது என்று இன்பாக்ஸில் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். கொட்டியதை அள்ளுங்கள், அள்ளிய வீடியோவையும் நானே போடுகிறேன். அதுவரை எடுக்க மாட்டேன்.