மொய் நோட்டும் ரத்த நோட்டும்

போன வாரம் எங்க ஊர் இளைஞர் மன்ற வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. பக்கத்து ஊர்ப் பசங்க ஒரு அப்பத்தாவுக்கு 10 கிலோ அரிசிப் பை கொடுக்கிறார்கள். பையின் மேல் 11 கை. எண்ணிப் பார்த்தேன். பின்னால் பேனர். அப்பத்தா பையையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எங்க தம்பி ஒருத்தன் அதற்குக் கீழே, "நாமளும் இப்புடி ஒண்ணு பண்ணணும்ணே" என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

பசங்களைக் குறை சொல்லிக்கொண்டே திரிகிற பெருசு இல்லை நான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க பேராவூரணிப் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனபோது, எந்த வண்டியும் ஊருக்குள் வர வழியில்லை. ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்டது, அதுவரை வெட்டிப் பயலுக என்று பேர் வாங்கியிருந்தவர்கள்தான். அன்றைக்கு உண்மையிலேயே வெட்டினார்கள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும் அவர்கள்தான். அதில் யாரும் போட்டோ எடுத்ததாக ஞாபகம் இல்லை. எடுக்கலாம் என்றாலும் போனில் சார்ஜ் ஏது.

அப்புறம் நாலா பக்கமிருந்தும் லாரி வந்தது. திருப்பூரிலிருந்து லீவு போட்டு நானும் வந்திருந்தேன். முகம் தெரியாத ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் ரோட்டோரம் பழைய துணி மூட்டை மூட்டையாக நனைந்து கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, மரம் அறுக்கிற மிஷின். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

ஒரு வேனில் வந்தவர்கள் அம்மாவிடம் போர்வையை நீட்டி, "இப்படிப் பாருங்கம்மா" என்று போனைத் தூக்கினார்கள். அம்மா வாங்காமலே திரும்பி வந்துவிட்டது. வீம்பு பண்ணுகிறதே என்று எனக்குக் கோபம். ராத்திரி சிமினி விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகச் சொன்னது: "எழுதி வைக்க ஒரு நோட்டு இல்லாம எப்புடிறா வாங்குறது? யாரு எவருன்னு தெரியாம எப்புடித் திருப்பிச் செய்யிறது?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்க பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். பேர், ஊர், தொகை எல்லாம் எழுதப்படும். உங்களுக்கு மொய் செய்தவர் விருந்து வைக்கும்போது நீங்கள் வாங்கியதைத் திருப்பி வைத்து, மேலே கொஞ்சம் புதுசாகவும் வைக்க வேண்டும், அதற்குப் பேர் புதுநடை. வாங்குகிறவன் கை தாழ்ந்ததில்லை அங்கே. நாளைக்கு அவனும் கொடுக்கிறவன். இதில் அழுக்கும் உண்டு, மறைக்கவில்லை. கஜாவுக்குப் பிறகு தோப்பு போய், திருப்பி வைக்க முடியாமல் கடனில் விழுந்த வீடுகள் எனக்கே தெரியும். விருந்துகளே களை இழந்து போயின. ஆனாலும் அம்மா கேட்ட கேள்வி அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

அதே வருஷம் ஆகஸ்டில் கேரளா வெள்ளத்தில் மூழ்கியபோது எங்க பசங்க கடைவீதியில் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வசூல் பண்ணி, அரிசியும் பாயும் அனுப்பினார்கள். நவம்பரில் கேரள மின்வாரியத்து ஆட்கள் டெல்டாவுக்கு வந்து கம்பம் நட்டார்கள். அம்மா காதில் அது விழுந்ததும், "மொய் திரும்பிருச்சு" என்றது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது அதற்கு.

தம்பி, நீ கேட்ட "இப்புடி ஒண்ணு"க்கு வருகிறேன். நம்ம மன்றம் பண்ணியதிலேயே உருப்படியான காரியம் எது என்று கேட்டால், அந்த நீல அட்டை நோட்டைத்தான் சொல்வேன். முன்னாடி நாமும் எல்லோரையும் போலத் தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் வைத்தவர்கள்தானே? ஒரே நாளில் அத்தனை பேரும் படுத்து எழுந்தோம். அடுத்த மாசம் நம்ம தெருவிலேயே ஒரு பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்று வந்தபோது கொடுக்க ஆள் இல்லை. எல்லோரும் இப்போதுதான் கொடுத்தவர்கள். ஆணுக்கு 3 மாதம், பெண்ணுக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும். முழு ரத்தம் பையில் தாங்குவது 35 நாள், சிவப்பணுவைப் பிரித்து வைத்தால் 42 நாள், தட்டணு (பிளேட்லெட்) என்றால் 5 நாள்தான். தலைவர் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். விபத்தும் பிரசவமும் நாள் பார்த்தா வருகிறது?

அப்புறம்தான் யாரோ மொய் நோட்டு மாதிரியே கோடு போட்டார்கள். பேர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. முகாம் போய் முறை வந்தது. மாசத்துக்கு நாலைந்து பேர். பேனர் செலவு மிச்சம். அந்தக் காசில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டிச் செலவு. இந்தக் கணக்கும் அதே நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது, டீக்கடையில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வசூல் பண்ணிவிட்டுக் கணக்குக் காட்டாமல் உடைந்துபோன மன்றங்களை நம்ம சுற்றுவட்டாரத்தில் நீயே பார்த்திருப்பாய், பேர் வேண்டாம்.

அரிசி கொடுக்காதே என்று சொல்லவில்லை. ராத்திரியில் போய் அந்த வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வா. அல்லது அந்த அப்பத்தாவிடம் பனங்கொட்டை பொறுக்கித் தரச் சொல்லு, கண்மாய்க்கரையில் நட நமக்கு அது வேண்டும். கஜாவிலும் நின்ற மரம் பனைதானே. கொட்டைக்குக் கூலி கொடு. அப்போது அப்பத்தா தரையைப் பார்க்காது, கொட்டைகளை எண்ணும். ஒன்று குறைத்துக் கூலி கொடுத்தாலும் சண்டைக்கு வரும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது. நோட்டில் என் பேருக்கு நேரே கடைசித் தேதி மாசி மாசத்தில் நிற்கிறது. முறை தாண்டிவிட்டது. நோட்டு வைத்திருக்கிற தம்பி இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுவதற்குள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுகிறேன்.