கமலா ஹாரிஸ் வேட்பாளரானது அரசியல் சட்ட மீறலா?

“முன்தேர்தலில் ஜெயிக்காத கமலா ஹாரிஸை 2024-இல் அதிபர் வேட்பாளர் ஆக்கியது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு விரோதம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. (கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக வாக்காளர்களைக் கேட்பதுதான் முன்தேர்தல்.)

அந்தச் சட்டத்தில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அப்புறம் முன்தேர்தலும், பிரதிநிதிகள் கூடி வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடும் எங்கிருந்து வரும்? சந்தேகம் இருந்தால் அதிபர் தேர்தலைப் பற்றிச் சொல்லும் இரண்டாம் பிரிவையும் 12-ஆம் திருத்தத்தையும் படியுங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் முழுமையாக இருக்கிறது.

வேட்பாளரைத் தேர்வு செய்யும் முறையைக் கட்சிகள்தான் உருவாக்கின. முதல் தேசிய மாநாட்டை 1831-இல் பால்டிமோரில் கூட்டியது, ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தினரை எதிர்க்கவே முளைத்த ஒரு சிறு கட்சி. 1924-இல் ஜனநாயகக் கட்சிக்கு ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. பிரதிநிதிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! 1968-இல் அதே கட்சியின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முன்தேர்தல்களில் இறங்காமலே வேட்பாளர் ஆனார். அதில் கிளம்பிய கோபத்தால் விதிகள் மாறின. 1972 முதல்தான் முன்தேர்தல்கள் முடிவைத் தீர்மானிக்கத் தொடங்கின.

2024 ஜூலை 21 அன்று அப்போதைய அதிபர் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். கட்சிப் பிரதிநிதிகள் ஆன்லைனில் வாக்களித்து ஆகஸ்ட் 5-இல் ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து நடந்த சிகாகோ மாநாடு பெரும்பாலும் கொண்டாட்டம்தான்.

மக்களிடம் கேட்காமல் நிறுத்தியது சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் ‘சட்ட விரோதம்’ என்று சொல்லும் அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.