நீவாடு தள்ளிக் கொடுத்த நேரத்தை உங்கள் நேரம் என்று போடாதீர்கள்

ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்தேன், இனி முடியாது. பாம்பன், மண்டபம் பக்கம் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுகிற நம் ஆட்களில் பாதிப் பேர் தங்கள் கைக்கடிகாரத்தில் தாங்களே நேரம் எடுத்து, "5 கிலோமீட்டர், அரை மணி நேரம்" என்று திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். உடனே நாலு பேர் கைதட்டல், நாலு பேர் "மாஸ்ணே". எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் போனீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா, காற்று எங்கிருந்து அடித்தது, எந்த மாதிரிக் கயாக், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பொறாமையில் கேட்கிறேனாம்.

பொறாமை இல்லை சாமி, கோபம். நீங்கள் ஓட்டியது குளத்தில் இல்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் விரிகுடா, நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய். இரண்டு கடலும் ஒரே நேரத்தில் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு அந்த வாய் வழியாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், இந்த நீரோட்டத்தைத்தான் நீவாடு என்பது. இதில் ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி வற்றுவது, பாதிதான், மீதி காற்று. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், வாடை பிடித்தால் வடக்கிலிருந்து தெற்கே. காற்று பலமாக இருந்தால் ஓத அட்டவணை சொல்வதையெல்லாம் தாண்டி ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஓதம் உயரத்தில் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் "நம்மூர்ல என்னண்ணே பெரிய ஓதம்" என்று கேட்கிறவர்கள் நிறைய. உயரம் குறைவுதான். ஆனால் ஒரு சின்ன வாயில் நெருக்கிப் பிடித்துப் பாயும்போது வேகம் உயரத்தைக் கேட்டுக்கொண்டா வரும்? இது பாம்பனிலும் மண்டபத்திலும் வள்ளம் ஓட்டுகிற எந்தச் சின்னப் பையனுக்கும் தெரியும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஃபைபர் கயாக் வாங்கியவருக்குத் தெரியவில்லை.

ஓட்டப்பந்தயத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் முதுகுக்குப் பின்னால் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் வராது. பத்து நொடி ஓடுகிற மனிதனுக்கே அவ்வளவு கறார். நாமோ ஆளையும் படகையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிற தண்ணீரின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தனை தூரமும் தோளால் வந்தது என்று எழுதுகிறோம். கடிகாரத்தில் உள்ள ஜிபிஎஸ் தரையை வைத்துத்தான் வேகம் காட்டும். துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து ஒரு நிமிடம் பாருங்கள், அப்போதும் ஏதோ ஒரு வேகம் காட்டும். அது உங்களுடையதா?

இதற்கு எப்போதும் ஒரு பதில் ரெடியாக இருக்கும்: "அதான் போயிட்டுத் திரும்பியும் வர்றோம்ல, கழிஞ்சிடும்ணே." கழியாது தம்பி. ஒரு பேச்சுக்கு, நிற்கிற தண்ணீரில் உங்கள் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், நீரோட்டம் மணிக்கு 2 என்று வையுங்கள். 5 கிலோமீட்டர் போய் 5 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். போகும்போது 10-ல் போவீர்கள், 30 நிமிடம். வரும்போது 6-ல்தான் வர முடியும், 50 நிமிடம். மொத்தம் 80. நிற்கிற தண்ணீரில் இதே 10 கிலோமீட்டர் 75 நிமிடத்தில் முடிந்திருக்கும். தள்ளிவிட்ட தண்ணீரில் நீங்கள் இருந்தது அரை மணி, எதிர்த்த தண்ணீரில் கிடந்தது முக்கால் மணிக்கு மேல். அப்புறம் எப்படிக் கழியும்? ஆக, நேர்மையாகப் போய்த் திரும்புகிறவருக்கு 5 நிமிடம் நஷ்டம், ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு வேனில் கயாக்கை ஏற்றி வீடு போகிறவருக்குப் பெயர். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இன்னும் சிலர் ஏற்றத்தோடு போய், கரையில் டீ குடித்து, தண்ணீர் திரும்பிய பிறகு வற்றத்தோடு திரும்பி வந்து இரண்டு பக்கமும் சவாரி வாங்கிக்கொண்டு மொத்த நேரம் என்று பெருமையாகக் காட்டுகிறார்கள்.

டீ குடித்த நேரம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். செயலியில் "நின்றால் தானாக நிறுத்து" என்று ஒரு வசதி இருக்கிறது, நேரம் எடுத்து ஓட்டுகிற இந்த நேர ஓட்டத்தை நாசமாக்கியதில் பாதிப் பங்கு அதற்கு. மூச்சு வாங்க நின்றால் கடிகாரம் நிற்கிறது, வலைக்கயிறு சுக்கானில் சிக்கி அவிழ்த்தால் நிற்கிறது, தண்ணீர் குடித்தால் நிற்கிறது. கடைசியில் "ஓடிய நேரம்" என்று ஒரு அழகான எண் வரும், அதைத்தான் அனுப்புவார்கள். இறங்கியதிலிருந்து ஏறியது வரை ஆன மொத்த நேரம் அதே திரையில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதை வெட்டிவிட்டுத்தான் படம் வரும். மிச்சத்தை "சிறந்த ஒரு கிலோமீட்டர்" பார்த்துக்கொள்ளும். எங்கே நீரோட்டம் அதிகமாகத் தள்ளியதோ அந்தக் கிலோமீட்டரைச் செயலியே பொறுக்கி எடுத்து நெற்றியில் ஒட்டிவிடுகிறது.

சரி, யாருக்கு என்ன நஷ்டம், விளையாட்டுத்தானே என்பவர்களுக்காக இது. கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், கயாக் கற்றுக்கொண்டு சில மாதம்தான் ஆகிறது, வாடகைக்கு எடுத்த அகலமான பிளாஸ்டிக் வண்டி. யாரோ பெருமைக்குப் போட்ட நேரத்தைப் பார்த்து, காலையில் இத்தனை மணிக்கு இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போயிருக்கிறான். போகும்போது கணக்குச் சரியாகத்தான் இருந்தது, ஏன் இருக்காது? திரும்பும்போது துடுப்புப் போடப் போட, கரையில் தெரிந்த அதே பனைமரம் அதே இடத்தில் நிற்கிறது. மதியக் காற்றும் சேர்ந்துகொண்டது, தண்ணீர் பாட்டில் காலி. நாட்டுப்படகில் வந்தவர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பின் தண்டில் ஒட்டியிருந்தது. அவனைக் கரையில் வைத்துத் திட்டியவர்கள் உண்டு. அந்த நேரத்தைப் போட்ட புண்ணியவானை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அன்றிலிருந்துதான் வயிறு எரிகிறது.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். இறங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் கரையில் நில்லுங்கள். வலை மிதவை நேராக நிற்கிறதா, சாய்ந்து கிடந்து அதன் பின்னால் தண்ணீர் வால் போட்டு ஓடுகிறதா? நங்கூரம் போட்ட வள்ளங்கள் எல்லாம் காற்றைப் பார்க்காமல் வேறு பக்கம் மூக்கைத் திருப்பி நின்றால் அங்கே இழுப்பு இருக்கிறது. வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம் முழங்கால் தண்ணீரில் கடற்புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று குனிந்தாலே தெரியும். பாலத் தூணைப் பாருங்கள், ஒரு பக்கம் தண்ணீர் ஏறி மோதும், மறுபக்கம் குழிந்து சுழலும். காரங்காட்டில் அலையாத்திக்குள் ஒரு தடவை கயாக் ஓட்டிய சுற்றுலாப் பயணிக்குக்கூட ஏறு தண்ணீரில் உள்ளே போவது சுலபம், வற்றும்போது கைவலி என்று புரிந்துவிடுகிறது.

நேரம் எடுக்கவே கூடாது என்றா சொல்கிறேன்? எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு, வாரா வாரம் எடுக்கிறேன். நல்ல நாள் பார்த்து எடுங்கள் என்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வீட்டில் ஒதுக்குகிற அட்டமி, நவமியும் அதற்கு ஒன்றிரண்டு நாள் பின்னாலும்தான் ஓதம் சோர்ந்திருக்கும், நேர ஓட்டத்துக்கு அதுதான் உகந்த நாள். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன். பாம்பன் வாயில் வேண்டவே வேண்டாம், படகும் கப்பலும் போகிற வழி அது. அரியமான் கரை மாதிரி திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் தடம் போடுங்கள், அதே 8-க்கு 2 கணக்கில் பார்த்தால் குறுக்கே போய் வருவதில் 10 கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம்தான் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த இரண்டும் இருந்தால், இடையில் நீரோட்டம் மாறாத வரைக்கும், போன வேகத்தையும் வந்த வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் உங்கள் உண்மையான வேகம் வந்துவிடும். மேலே சொன்ன 10, 6 கூட்டினால் 16, பாதி 8. இவ்வளவுதான் கணக்கு, இதை எழுத ஒரு வரி போதும். 17 அடி ஒல்லிக் கயாக்கா, அகலமான பிளாஸ்டிக் வண்டியா, ஒருவரா இருவரா என்பதையும் அதே வரியில் போடுங்கள். நீளமான படகு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வாடகை வண்டிக்காரன் தோளைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஆட்களின் நேரங்களை எழுதி வைக்கிற தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்க ஓட்டங்களையும் கடிகாரம் நின்று நின்று ஓடியவற்றையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து அடித்துவிட்டேன், அதில் இரண்டு பேர் இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். அடுத்த நவமிக்கு அரியமானுக்கு வாருங்கள், தானாக நிற்பதை அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஓட்டிக் காட்டுங்கள், வந்த எண்ணை நானே பேனாவில் எழுதுகிறேன்.