கூண்டு எண் பெரிதானால் ஆபத்தும் பெரிதா?

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் 8-ஆம் எண்ணைவிட 10-ஆம் எண்தான் அதிக ஆபத்து என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படியில்லை. 8, 9, 10 மூன்றுமே தீவிரப் புயலுக்கு ஏற்றுவதுதான். எண் சொல்வது புயல் போகும் பக்கத்தை. 8 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், 9 என்றால் வலப்பக்கம், 10 என்றால் நேர் மேலே அல்லது ரொம்பப் பக்கத்தில். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கேதான் காற்று கடலைக் கரைக்குள் தள்ளும். நாகையில் 9 ஏறினால் காற்றைவிடக் கடல் ஏறுவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

படகைக் கயிற்றில் விறைப்பாகக் கட்டுவது இன்னொரு தப்பு. தண்ணீர் ஒரு மீட்டர் உயர்ந்தாலே குட்டைக் கயிறு படகின் மூக்கைக் கீழே இழுக்கும், இல்லாவிட்டால் கட்டிய இடத்தையே பிடுங்கிக்கொண்டு வரும். நீளமாக விடுங்கள், உரசும் இடத்தில் பழைய சாக்கு, படகுகளுக்கு நடுவே டயர். முன்னும் பின்னும், இரண்டு பக்கமும் கட்டு வேண்டும், ஏனென்றால் புயலின் கண், அதாவது நடுவில் இருக்கும் அமைதியான பகுதி, கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். நடுவில் வரும் அந்த அமைதியை நம்பிக் கயிறு பார்க்க இறங்காதீர்கள்.