அந்த நாலு அட்டை

முந்தாநாள் ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களோட பெற்றோர் குழுவுல ஒரு கூத்து நடந்துச்சு. வயசுக்கு வர்ற பையனுக்கு உடம்புல என்ன நடக்குதுன்னு சொல்லிக்கொடுக்க நான் போட்டது நாலே நாலு பட அட்டை. மீசை முளைக்கிற பையன், ஈரமான படுக்கை, சாத்தின கதவு, கைகழுவுற குழாய். "ஆபாசம்"னு தூக்கிட்டாங்க. இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு உடம்பைப் பத்தி நேராச் சொல்லணும், பேர் சொல்லிச் சொல்லணும், படம் காட்டிச் சொல்லணும். மத்த பசங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அரைகுறையாவாவது தெரிஞ்சுக்குவாங்க. என் பையனுக்கு ஃப்ரெண்டே கிடையாது.

ஸ்கூல்ல "யாரும் தொடக்கூடாது"ன்னு ஒரு வகுப்பு எடுத்தாங்க. நல்ல மனசோடதான். அந்த ஞாயித்துக்கிழமை சலூன் அண்ணன் பிடரியில கை வச்சதும் கடையே அதிர அலறினான். பாதி வெட்டின தலையோட வீட்டுக்கு வந்தோம். அவனுக்கு யாரும்னா யாரும்தான். "அந்த இடம்"னா "எந்த இடம்?"னு கேப்பான். ஆண்குறின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்ல?

"சொல்லிக்கொடுத்தா ஆசையத் தூண்டின மாதிரி ஆயிடும்"னாங்க ஒரு அம்மா. ஆமாங்க, மீசை என் அட்டையைப் பார்த்துட்டுத்தான் முளைச்சுது. "இதுங்க குழந்தைங்க மாதிரி"ன்னார் இன்னொருத்தர். அந்தக் குழந்தை 14 வயசுல ஒருநாள் விடியக்காலையில, தூக்கத்துல விந்து வெளியானதை ஏதோ நோய்னு பயந்து, பெட்ஷீட்டைச் சுருட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சுட்டு, டாக்டர்கிட்ட போலாம்னு செருப்பு மாட்டிக்கிட்டு நின்னான். முன்னாடியே சொல்லாதது என் தப்பு.

"எல்லார் முன்னாடியும் போடணுமா"ன்னு கேட்டது மட்டும் கொஞ்சம் நியாயம். சரி.

ஆனா பத்து வருஷமா தெரபியில நாம என்ன பழக்கினோம்? உக்காருன்னா உக்காரு, கையக் குடுன்னா குடு. "மாட்டேன்"னு சொல்ல எந்த சென்டர்ல சொல்லிக்கொடுத்தாங்க? 2018-ல சென்னை அயனாவரத்துல, காது கேக்காத ஒரு சிறுமிக்கு மாசக்கணக்கா பாலியல் கொடுமை நடந்தது அவ குடியிருந்த அடுக்குமாடிக்குள்ளேயேதான். பிள்ளைங்களைப் பாலியல் கொடுமையில இருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-லயே வந்தாச்சு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைன்னா தண்டனை இன்னும் கடுமை. எல்லாம் சரி. நடந்ததைச் சொல்லப் பிள்ளைக்கு வார்த்தை வேணாமா? குழந்தைங்க உதவி எண் 1098-க்கு ஃபோன் போட்டு "அந்த இடம்"னா சொல்லுவான்?

சொல்லிக்கொடுக்காம விட்டுட்டு, நாளைக்கு அவன் பத்து பேர் நடுவுல பேன்ட்டை இழுத்துச் சரிபண்ணினா "பொறுக்கி"ன்னும் நீங்கதான் சொல்லுவீங்க. சொல்லிட்டாங்க. கல்யாண வீட்டுல, பந்தியில, என் சொந்த அண்ணியே. இலையில கை வைக்காம எழுந்து வந்தோம். அன்னிக்கு என் வீட்டுக்காரர்கூட எங்களுக்காக ஒரு வார்த்தை பேசல. பஸ்ல வரும்போது பையன்தான் பாயசம் எங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தான்.

அட்டை வேணும்னா இன்பாக்ஸ் வாங்க. குழுவுல "சரியாச் சொன்னீங்க"ன்னு என்னை எதிர்த்தவங்களுக்குக் கைதட்டின ரெண்டு பேர் அன்னிக்கு ராத்திரியே வாங்கிட்டாங்க.