அந்த விலை ஒப்பீடு தப்பு

ஒரே கேமரா அமெரிக்காவில் 2,000 டாலர், பிரிட்டனில் 2,000 பவுண்டு, இது பகல்கொள்ளை என்கிறீர்கள். பிரிட்டன் விலையில் 20% வாட் வரி உள்ளே இருக்கிறது, அதைக் கழித்தால் ஏறக்குறைய 1,667 பவுண்டுதான். அமெரிக்க விலையிலோ விற்பனை வரி சேரவே இல்லை, கலிஃபோர்னியா என்றால் குறைந்தது 7.25% கூடும், ஓரிகன் என்றால் ஒன்றும் இல்லை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

அப்புறம், அமெரிக்கக் கடைக்காரர் விலையைக் குறைக்கச் சட்டம் விடாது என்பதும் தவறு. அது சட்டமே இல்லை, தயாரிப்பாளர் டீலருக்குப் போடும் நிபந்தனை, அதுவும் பெரும்பாலும் விளம்பரத்தில் காட்டும் விலைக்குத்தான். 'கார்ட்டில் போட்டால் விலை தெரியும்' என்று சில கடைகள் ஒளித்து வைப்பது அதனால்தான் (எரிச்சலான வேலை). பிரிட்டனில் தயாரிப்பாளர் விற்பனை விலைக்கே இப்படி 'இதற்குக் கீழே விற்கக் கூடாது' என்று வரம்பு போட்டால் அபராதம். ஃபெண்டர் கிடார் நிறுவனம் 2020இல் 45 லட்சம் பவுண்டு கட்டியது.