நான் சொன்னது மிருதுவாகும் என்று, வளரும் என்று இல்லை

வெந்தயப் பஞ்சாயத்து முடிந்துவிட்டது, விடுங்கள் டீச்சர் என்று இன்பாக்ஸில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். விடத்தான் நினைத்தேன். புதன்கிழமை விட்டேன், வியாழக்கிழமையும் விட்டேன். இன்று காலை ஸ்டாஃப் ரூமில் தமிழ் மிஸ் போனை நீட்டி, "இது நீங்கதானே?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்ட பிறகு விட முடியவில்லை.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்கள் போன வாரப் பதிவைப் படித்துக்கொள்ளுங்கள். முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் அதைக் கேலி செய்து பதிவு போட்ட டாக்டர் தம்பி முழுசாகப் படிக்கவில்லை. வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்துத் தேய்த்தால் முடி மிருதுவாகும் என்று எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த பத்தியிலேயே, இது முடியை வளர்க்காது, கொத்தாகக் கொட்டினால் தோல் டாக்டரைப் பாருங்கள் என்றும் எழுதியிருந்தேன். தம்பி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது மிகச் சரியாக அந்தப் பத்திக்கு மேலே வெட்டியிருக்கிறார். கத்தியில் நல்ல கைப்பழக்கம். வெட்டியதற்கு மேலே ஒரு தலைப்பு: "அறிவியல் தெரியாத ஆன்ட்டிகளே, தலை என்ன அம்மிக்கல்லா?"

ஆன்ட்டி என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. வயது 46, தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன. "அறிவியல் தெரியாத" என்பதுதான் தைத்தது. 19 வருடமாக பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன் தம்பி. என்னிடம் படித்தவர்களில் உங்கள் மாதிரி வெள்ளை கோட்டு போட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பத்தி முழுவதையும் படித்துவிட்டுப் பதில் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

திரும்பச் சொல்கிறேன். மிருதுவாகும் என்றேன். வளரும் என்று சொல்லவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. தலைக்கு வெளியே தெரிகிற முடி உயிரில்லாத சரக்கு, நகம் மாதிரி. அதற்கு ஊட்டம் கொடுக்க வெந்தயத்தாலும் முடியாது, ஆயிரம் ரூபாய் பாட்டிலாலும் முடியாது. மேலே பூசலாம், அவ்வளவுதான். முடியின் மேல்புறம் ஓட்டுக் கூரை போலச் செதில் செதிலாகப் படிந்திருக்கும். வெயில், உப்புத் தண்ணீர், டை, ஸ்ட்ரெயிட்டனிங் எல்லாம் சேர்ந்து அந்த ஓடுகளைக் கிளப்பிவிடும். கிளம்பிய ஓட்டில் சீப்பு மாட்டும், சிக்கு விழும். அந்த ஓட்டின் மேல் வழுவழுவென்று ஒரு பூச்சுப் பூசுவதுதான் கண்டிஷனரின் வேலை.

வெந்தயத்தை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் கொழகொழவென்று ஒன்று வருமே, அதற்கு கேலக்டோமன்னான் என்று பெயர். இப்போது குளியலறையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நிறைய பாட்டில்களில் "குவார்" என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருக்கும். குவார் என்றால் வேறு ஒன்றும் இல்லை, கொத்தவரை. அதன் விதையிலிருந்து எடுப்பதும் கேலக்டோமன்னான்தான். பாட்டிலில் இருந்தால் அறிவியல், கிண்ணத்தில் இருந்தால் அம்மிக்கல்லா?

வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கம்பெனிக்காரர்கள் அந்தப் பசையில் நேர்மின் சுமையை ஏற்றிவிடுகிறார்கள். அடிபட்ட முடியில் எதிர்மின் சுமை கூடுதல், அதனால் அது போய் ஒட்டிக்கொள்ளும். என் வெந்தயம் அப்படி ஒட்டாது, அடுத்த குளியலில் போய்விடும். கடை கண்டிஷனர் என்னுடையதைவிட நன்றாகவே வேலை செய்யும். இந்த வரியையும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

"பிறகு எதற்கு இந்த வேலை? ஒரு சாஷே வாங்கினால் முடிந்ததே" என்று ஒருவர் கேட்டிருந்தார். சாஷேயை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டாம் சார். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக் குளியலறை வரை கொண்டுபோனதே நம் கடலூர்க்காரர்கள்தான். 1983இல் அங்கிருந்து வந்த சிக் ஷாம்பு எங்கள் தெருப் பெட்டிக்கடையில் மாலை மாதிரி தொங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் அதைப் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஷாம்புவுக்கு எதிரி என்று என்னை எதற்கு நிறுத்துகிறீர்கள்?

என் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஊர்ப் பெயரிலேயே உசிலை மரம் இருக்கிறது. அதன் இலையை உலர்த்திப் பொடித்தால் அரப்பு. அம்மா அரப்பையோ சீயக்காயையோ தண்ணீரில் கரைத்து நான் பார்த்ததில்லை, வடிகஞ்சியில்தான் கரைப்பார். கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியிருக்கும், அதை விரலால் ஒதுக்கிவிட்டுப் பொடியைப் போடுவார். சீயக்காய் எண்ணெயை எடுக்கும், கஞ்சி முடியின் மேல் ஒரு படலம் விடும். ஒரே கிண்ணத்தில் ஷாம்புவும் கண்டிஷனரும். இதை "டூ இன் ஒன்" என்று பின்னால் டிவியில் விற்றபோது அம்மாவுக்கு யாரும் ராயல்டி கொடுக்கவில்லை. கண்ணில் பட்டால் உயிர் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலைகளில் எங்கள் வளவில் நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறும் சத்தம் கேட்கும்.

அடுத்து, "அடுப்படியில் இருப்பதெல்லாம் தலைக்கு நல்லதா?" இல்லை. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? போன வருடம் லேபில் மீந்த பிஹெச் தாள் புத்தகம் ஒன்றை (நனைத்தால் நிறம் மாறி அமிலமா காரமா என்று காட்டும் தாள்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேடையில் ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தேன். எலுமிச்சைச் சாற்றில் தாள் ரத்தச் சிவப்பு, 2. புளித்த தயிரில் ஆரஞ்சு, 4 பக்கம். சமையல் சோடாக் கரைசலில் பச்சையும் நீலமும் கலந்து 8க்கும் 9க்கும் நடுவில். குளிக்கிற சோப்பு 10ஐ நெருங்கியது. முடிக்கு இதமான இடம் 4, 5 பக்கம். ஆகவே தயிர் சரி. எலுமிச்சையை அப்படியே பிழிந்து ஊற்றாதீர்கள், ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போதும். சோடா உப்பைத் தலைக்குப் போடச் சொல்லும் வீடியோக்கள் வருகின்றன பாருங்கள், டாக்டர் தம்பி அவர்களை அம்மிக்கல் என்று சொன்னால் முதல் லைக் என்னுடையது. (தயிர்க் கிண்ணத்தில் தாள் மிதந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அன்று மோர் வேண்டாம் என்றுவிட்டார்.)

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பக்கெட்டின் உள்பக்கம் மாதத்துக்கு ஒரு முறை வெள்ளையாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அதே சுண்ணாம்புதான் முடியிலும் படிகிறது. சோப்புப் போட்டால் இன்னும் மோசம், பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். புளிப்பான எதையாவது நன்றாகத் தண்ணீர் கலந்து நீர்க்கவிட்டுக் கடைசியாக அலசினால் அந்தப் பிசுக்கு கொஞ்சம் கழன்று போகும். இதைச் சொல்வதற்கு ஒரு மருத்துவப் பட்டம் வேண்டுமா? பத்தாம் வகுப்புப் பாடம்.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் கேட்டவருக்கு: 2003இல் ஒரு ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்ததில், தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியின் புரதம் வெளியேறுவதைக் குறைத்தது. அதில் இருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, நேரான சங்கிலி, அதனால் முடிக்குள்ளே நுழைகிறது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆட்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்ததாக நாளைக்கு இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். எண்ணெய் பொடுகைக் கூட்டும் என்கிறீர்களா? சரி, கூட்டும். பொடுகு இருப்பவர்கள் வைக்காதீர்கள். அடுத்தது.

நாற்றம். இதை மட்டும் இருபது பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மை. வெந்தயம் தேய்த்தால் நாற்றம் போகாது. வியர்த்தால் கழுத்திலிருந்து வரும், தலையணை உறையில் இருக்கும், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஊறுகாய் ஜாடியைத் தேடுவது போல் சுற்றும் முற்றும் பார்ப்பார். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று மதுரையில் சண்டை நடந்ததாகச் சொல்கிறார்களே, அந்த விஷயத்தில் நான் நக்கீரர் கட்சி. வாழைப்பழத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு முறை பிசைந்து போட்டுவிட்டு நாலு நாளைக்குக் கறுப்புப் பொடியாகச் சீவிச் சீவி எடுத்தேன். போர்டில் எழுதத் திரும்பினால் பின்னால் பிள்ளைகளின் குசுகுசு. இத்தனையையும் போன வாரப் பதிவில் நானேதான் எழுதியிருந்தேன். அதுவும் வெட்டிய பகுதியில்தான் இருந்தது.

என் பக்கம் பேச வந்தவர்கள் பண்ணிய தொல்லை தனி. "கெமிக்கல் எல்லாம் விஷம் சகோதரி, எங்கள் மூலிகைத் தைலம் 45 நாளில் முழங்கால் வரை" என்று லிங்க் போட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் அழித்தேன். சீனாவில் குவாங்ஸி பக்கம் ஹுவாங்லுவோ என்று ஒரு கிராமம், அங்கே யாவோ இனப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரைப் புளிக்க வைத்து அலசுவதால்தான் ஆள் உயரத்துக்கு முடி வளர்கிறது என்று ஒருவர் படத்தோடு வந்தார். அண்ணே, அந்த ஊர்ப் பெண்கள் 18 வயது வாக்கில் ஒரே ஒரு முறைதான் முடி வெட்டிக்கொள்வது வழக்கம். வெட்டாமல் விட்டால் நீளத்தான் செய்யும். களைந்த தண்ணீர் சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ளும். அதாவது மிருதுவாக்கும். வளர்க்காது. எத்தனை முறை சொல்வது?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் அந்தத் தம்பிக்குப் பதில்தான். அவர் யாரோ, நான் யாரோ. அவர் சிரித்ததில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் பதிவுக்குச் சிரிப்புப் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் சித்தி மகளின் பெயர் இருந்தது. என் படம் போட்ட பதிவு, என் பெயரைக்கூட மறைக்கவில்லை, தெரியாமல் போட்டேன் என்று அவள் சொல்ல முடியாது.

1999, அவளுக்கு நிச்சயதார்த்தம், அதற்கு முதல் நாள் ராத்திரி. ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொல்லி முட்டையை உடைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டவள் அவள். வேண்டாம் என்றேன். முட்டைப் புரதம் பெரிய மூலக்கூறு, முடிக்குள் போகாது என்று அப்போதே சொன்னேன், எம்எஸ்சி படித்துக்கொண்டிருந்த திமிர் என்றாள். கல்யாண வீட்டு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. விளாவாமல் ஒரு சொம்பை மொண்டு ஊற்றிக்கொண்டாள். கத்திய கத்தில் பந்தல்காரர்கள் ஓடி வந்தார்கள். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. பொரியல், வெங்காயம் மட்டும்தான் போடவில்லை. பேன் சீப்பை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை வெள்ளை வெள்ளையாக வாரி எடுத்தவள் யார்? மீந்த வாடைக்கு மறுநாள் விடிகாலையில் தயிரும் செம்பருத்தி இலையும் போட்டு அலசிவிட்டவள் யார்? காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து, பொண்ணுக்கு என்ன முடி, பட்டு மாதிரி இருக்கிறதே என்றார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "இயற்கையே அப்படித்தான்" என்றாள். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று ஒரு கேள்வி வரும், அதையும் எதிர்பார்க்கிறேன். சின்ன விஷயம்தான். ரெண்டு ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி இலை. சின்ன விஷயம் என்றால் நீங்களும் சிரிக்காமல் கடந்துபோயிருக்கலாமே. பார்லரில் ஹேர் ஸ்பா என்று 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன் என்று நான் படம் போட்டிருந்தால் எழுபது பேர் இதயம் போட்டிருப்பீர்கள். அங்கேயும் தலையில் ஒரு பசையைத் தடவி, துண்டைச் சுற்றி உட்கார வைப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அலசிவிடுவார்கள். அடுத்தடுத்த குளியலில் அதுவும் போய்விடும். அதையும் யாரும் வளர்ச்சி என்று சொல்வதில்லை. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதும் இல்லை.

டாக்டர் தம்பிக்கு: அடுத்த முறை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதென்றால் கடைசி வரி வரைக்கும் எடுங்கள். நீளம், தெரியும். நாலைந்து படமாகப் போடலாம்.

சித்தி மகளுக்கு: இந்தப் பதிவுக்கும் சிரிப்புப் போட்டுக்கொள். வைகாசியில் உன் பெண்ணுக்கு நிச்சயம் என்று சித்தி போன் பண்ணிச் சொல்லிவிட்டார், நீ சொல்லவில்லை. அன்றைக்குத் தலை அலசிப் பின்னி, பூ வைத்துவிட நீ என்னைத்தான் கூப்பிடுவாய். வருவேன். முட்டையை மட்டும் எடுத்து மேல் பரணில் வைத்துவிடு.